ஓவர்ஹால் முடிந்த லாரி எஞ்சின் அடம்பிடித்தால்: அறிகுறியிலிருந்து கோளாறைப் பிடிப்பது எப்படி

சிங்கப்பூரில் "வீட்டுப் பட்டறை" என்றால் பெரும்பாலும் வீடு அல்ல. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கார் நிறுத்தத்தில் எஞ்சினை இறக்க முடியாது. காக்கி புக்கிட், சுங்கை காடுட் தொழிற்பேட்டைகளில் நண்பரின் யூனிட்டில் ஒரு மூலை, எடை தூக்கும் செயின் பிளாக், வேலை நேரம் முடிந்த பிறகு கிடைக்கும் இரவுகள். இதுதான் நம்மூர் வீட்டுப் பட்டறை. அங்கே கையோடு கையாக எஞ்சினைப் பிரித்துப் பூட்டிவிட்டு, சாவியைத் திருப்பும்போது ஏதோ சரியில்லை என்று நிற்பவருக்காக இதை எழுதுகிறேன்.

எந்த எஞ்சின் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே சரக்கு வாகனத்துக்கு ஆயுள் 20 ஆண்டுதான். டீசல் வாகனங்களுக்கு யூரோ 4 புகை விதி 2006 அக்டோபரில் வந்தது. அதனால் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து இன்னும் ஓடும் இசுஸு, ஹினோ, ஃபூசோ லாரிகள் எல்லாம் அநேகமாக காமன் ரெயில் எஞ்சின்கள்: உயர் அழுத்த டீசல் ஒரு பொதுக் குழாயில் (ரெயில்) தேங்கி நிற்க, கம்ப்யூட்டர் சொல்லும்போது இன்ஜெக்டர்கள் பீச்சும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்ப்பே டீசல் தள்ளிய பழைய இன்லைன் பம்ப் எஞ்சினில் கற்ற சில பழக்கங்கள் இங்கே ஆபத்தாக முடியும். அவை வரும் இடத்தில் சொல்கிறேன்.

ஒரே ஒரு விதி: சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைத் திரும்பக் கழற்றுவது கடைசி வேலை. ஓவர்ஹாலுக்குப் பிறகு வரும் தொல்லைகளில் நிறைய, எஞ்சினுக்கு வெளியே தொங்கும் பொருள்களிலிருந்தோ, பூட்டும்போது கை வைத்த இடத்திலிருந்தோதான் வருகின்றன. அளந்து பார்க்காமல் திறந்தால், சரியாக இருந்த கேஸ்கட்டும் போய்விடும்.

அளப்பதற்கு வேண்டியவை: டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ், ஊசி முள் ஓடும் ஆயில் பிரஷர் கேஜ், ரெயில் அழுத்தத்தைக் காட்டும் ஸ்கேனர், சின்னக் கண்ணாடிக் குழாய்கள், தூரத்திலிருந்து சூடு பார்க்கும் தெர்மாமீட்டர். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், பூட்டும்போது அளவுகளை எழுதிவைத்த நோட்டு. பேரிங் இடைவெளி, பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது, ரிங் வாய் இடைவெளி எல்லாம் சிலிண்டர் வாரியாக அதில் இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கும். எழுதாதவர்கள் கீழே உள்ளதைக் கொஞ்சம் கூடுதல் பொறுமையோடு படிக்கவும்.

சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை

முதலில் பேட்டரி. புதிய ரிங், புதிய பேரிங் போட்ட எஞ்சின் இறுக்கமாகத்தான் இருக்கும். இரவெல்லாம் ஸ்டார்ட் அடித்துப் பார்த்த பேட்டரியால் அதை வேகமாகச் சுழற்ற முடியாது. நிமிடத்துக்கு 150 சுற்றுக்குக் கீழே இறங்கினால் எதையும் நம்ப வேண்டாம். சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள்.

அடுத்து காற்று. ஃபில்டர், பைப், பம்ப் எல்லாம் காலியாக இருந்து பூட்டப்பட்டவை. கைப் பம்ப்பை அது கல் மாதிரி இறுகும்வரை அழுத்துங்கள். அழுத்த அழுத்த இறுகவே இல்லை என்றால் டேங்கிலிருந்து வரும் வழியில் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. ஃபில்டர் மூடியின் ஓ-ரிங்கும், பழைய ரப்பர் குழாயின் கிளிப்பும் வழக்கமான குற்றவாளிகள்.

இங்கேதான் பழைய பழக்கத்தை விட வேண்டும். இன்லைன் பம்ப் காலத்து அண்ணன்மார்கள் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி, ஸ்டார்ட் அடித்து, காற்றை வெளியேற்றுவார்கள். காமன் ரெயிலில் அந்தக் குழாய்க்குள் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய டீசல் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போனால் விரலையே எடுக்கும் நிலை வரலாம். கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தோலில் பட்டது என்று சந்தேகம் வந்தாலே, சின்னப் புள்ளிதானே என்று நினைக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இப்போது ஸ்கேனர். ஸ்டார்ட் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் எவ்வளவு? பெரும்பாலான எஞ்சின்களில் ஏறக்குறைய 25 மெகாபாஸ்கல் ஏறாமல் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. மூன்று விதமாகப் பிரியும்.

அழுத்தம் ஏறவே இல்லை என்றால் பம்ப்புக்கு டீசல் போகவில்லை, அல்லது பம்ப்பின் மேல் உள்ள கட்டுப்பாட்டு வால்வின் மின் பிளக் மாட்டப்படவில்லை. சிரிக்க வேண்டாம், மாட்டாத பிளக்தான் நிறையப் பேரின் தூக்கத்தைக் கெடுத்தது.

ஓரளவு ஏறி அங்கேயே நின்றால் எங்கோ திரும்பி வழிகிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் வாயிலும் கண்ணாடிக் குழாய் மாட்டி, சில விநாடி சுழற்றி, எதில் அதிகம் சேர்கிறது என்று பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் நிரம்பி வழிந்தால் ஆள் அகப்பட்டான். எஞ்சினுக்கு முழுச் செலவு செய்தவர்கள்கூட "இன்ஜெக்டர் நல்லாத்தான் இருந்தது" என்று பழையதையே மாட்டுவார்கள். ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜெக்டரைச் சோதனை மேடையில் வைக்காமல் புது எஞ்சினில் மாட்டுவது, என் பார்வையில், மிச்சப்படுத்தக் கூடாத இடத்தில் மிச்சப்படுத்துவது.

அழுத்தம் நன்றாக இருந்தும் பற்றவில்லை என்றால் கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் ஒத்துப்போகவில்லை. ஸ்கேனரில் ஒத்திசைவு "இல்லை" என்று காட்டும். டைமிங் கியரோ செயினோ ஒரு பல் தள்ளிப் போயிருக்கலாம். சென்சார் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கலாம். ஒரு பல் தள்ளியிருக்கிறது என்று தோன்றினால் மேற்கொண்டு ஸ்டார்ட் அடிக்காதீர்கள். வால்வு பிஸ்டனில் இடிக்கும் எஞ்சின்கள் இவை. கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பி, குறிகளைப் பாருங்கள்.

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கலாமா? வேண்டாம். சிலிண்டருக்குள் சூடாக்கும் குளோ பிளக்கோ காற்றைச் சூடாக்கும் ஹீட்டரோ உள்ள எஞ்சினில் அது தப்பான நேரத்தில் வெடித்து ரிங்கை உடைக்கும். புது ரிங்குக்கு அப்படியொரு வரவேற்பு தேவையில்லை.

பற்றியது, ஆயில் பிரஷர் இல்லை

உடனே நிறுத்துங்கள். விளக்கு அணையட்டும் என்று காத்திருக்கும் பத்து விநாடியில் பேரிங் போய்விடலாம்.

இது வராமல் இருக்க வழி உண்டு. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே இன்ஜெக்டர்களின் மின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜ் ஏறும்வரை சும்மா சுழற்றுவது. ஆயில் பம்ப்பைப் பூட்டும்போதே உள்ளே ஆயில் நிரப்பியிருந்தால் சீக்கிரம் ஏறும். காய்ந்த பம்ப் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

டாஷ்போர்டு முள்ளை நம்பாமல் வெளிக் கேஜை மாட்டுங்கள். சூடான எஞ்சின் ஐடிலில் ஏறக்குறைய 1 பார், 2,000 சுற்றில் 3 பாருக்கு மேல் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. உங்கள் எஞ்சினின் சரியான எண் மேனுவலில் இருக்கும்.

அழுத்தம் முதலில் நன்றாக வந்து மெல்ல மெல்ல இறங்கி, டிப் ஸ்டிக்கில் நுரை தெரிந்தால், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள் உள்ள உறிஞ்சு குழாயின் ஓ-ரிங்கோ கேஸ்கட்டோ சரியாக உட்காரவில்லை. சம்ப்பை மட்டும் இறக்கினால் போதும். முதலிலிருந்தே எல்லா வேகத்திலும் குறைவு என்றால் ரிலீஃப் வால்வில் தூசியோ, கேஸ்கட் பசையின் வால் துண்டோ சிக்கியிருக்கும். பசையைப் பல்விளக்கும் பேஸ்ட் மாதிரி பிதுக்குபவர்களுக்கு இது வரும். அடுத்து பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீச்சும் ஜெட்டுகள். சிலிண்டரின் உட்குழலான லைனர் வேலைக்குக் கழற்றியதில் ஒன்றைத் திரும்ப மாட்டவில்லை என்றால் அந்தத் துளை வழியே பிரஷர் முழுக்கக் கொட்டிவிடும்.

இவை எதுவும் இல்லை, சூடானால்தான் குறைகிறது என்றால் பேரிங் இடைவெளி. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) வைத்து அளந்தது 0.03 முதல் 0.08 மில்லிமீட்டர் வட்டாரத்தில் இருந்ததா? கிராங்க் அரைத்த பட்டறை 0.25 மில்லிமீட்டர் அளவுக்கு அரைத்திருக்க, கடையில் ஸ்டாண்டர்ட் பேரிங்கைக் கட்டிக் கொடுத்துவிட்டார்களா? பெட்டியைப் பாராதீர்கள், பேரிங்கின் முதுகில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள்.

கேஜ் காட்டாத கோளாறு ஒன்று உண்டு. மெயின் பேரிங்கில் ஆயில் துளையுள்ள பாதி பிளாக் பக்கமும், துளையில்லாத பாதி கேப் பக்கமும் வர வேண்டும். மாறிப் போனால் அந்த வழி அடைபடும், கேஜில் பிரஷர் அழகாகவே இருக்கும், அந்தப் பேரிங்கில் சுழலும் கிராங்க் பகுதி (ஜர்னல்) மட்டும் காய்ந்து கருகும். நோட்டில் இதைச் சரிபார்த்ததாகக் குறிப்பு இல்லை என்றால், சம்ப்பை இறக்கி ஒரு கேப்பையாவது கழற்றிப் பார்ப்பது எனக்கு வீண் வேலையாகத் தோன்றாது.

வெள்ளைப் புகை

இணையத்தில் கிடைக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்களுடையவை. "காலையில் வெள்ளைப் புகை சகஜம், சூடானால் சரியாகும், குளோ பிளக்கைப் பார்" என்பார்கள். காலையிலேயே 26 டிகிரி இருக்கும் ஊரில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே முதல் ஓரிரு நிமிடத்துக்குப் பிறகும் வெள்ளைப் புகை நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது குளோ பிளக்காக இருப்பது அபூர்வம். பூட்டும்போது தடவிய ஆயிலும் கிரீஸும் எரியும் புகை வேறு. அது ஒரு கால் மணி ஓட்டத்தில் தீர்ந்துவிடும்.

மூக்கை வையுங்கள், தூரத்திலிருந்து. கண் எரிந்து பச்சை டீசல் வாடை வந்தால் எரியாத டீசல். வாடை இனிப்பாக, ஆவி போல் இருந்தால் கூலண்ட்.

எரியாத டீசல் என்றால் எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது எளிது. குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைத்த உடனே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். மற்றவை சட்டென்று ஏற, ஒன்று மட்டும் பின்தங்கினால் அங்கேதான் எரியவில்லை. அப்புறம் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர்: செம்பு வாஷர் புதியதா, இன்ஜெக்டரின் மேல் உள்ள குறியீடு கம்ப்யூட்டரில் அதே சிலிண்டருக்குப் பதியப்பட்டதா? இன்ஜெக்டர்களைக் கலக்கி மாட்டிவிட்டுப் பழைய வரிசையிலேயே குறியீட்டை விட்டால் ஐடில் ஆடும், புகையும் வரும். அதற்கும் சரியாகவில்லை என்றால் கம்ப்ரஷன். பொதுவாக 25 முதல் 30 பார், ஆனால் எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையேயான வித்தியாசம் முக்கியம். ஒன்று மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வால்வு இடைவெளியைத் திரும்ப வையுங்கள். அழுத்தி நிற்கும் வால்வு மூடாது. அதிலும் மாறவில்லை என்றால்தான் ரிங், வால்வு சீட் பற்றிய பேச்சு.

கூலண்ட் என்றால் ரேடியேட்டர் மூடி இடத்தில் பிரஷர் டெஸ்டர் மாட்டி, இரவு முழுக்க விட்டு, காலையில் இன்ஜெக்டரைக் கழற்றி எந்த சிலிண்டரில் ஈரம் என்று பாருங்கள். சில எஞ்சின்களில் இன்ஜெக்டர் ஒரு செம்புக் குழலுக்குள் உட்காரும். கசிவது அந்தக் குழலாக இருக்க, ஹெட் கேஸ்கட்டைப் பழிப்பது வழக்கம். ஹெட் கேஸ்கட்தான் என்று முடிவானால் நோட்டை எடுங்கள். டீசல் பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் தளத்தைத் தாண்டி நீட்டும். அந்த நீட்டத்தை டயல் கேஜால் அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கட் வாங்க வேண்டும். கேஸ்கட்டின் ஓரத்தில் உள்ள வெட்டோ துளையோ தடிமனைச் சொல்லும். பிளாக் தளத்தைச் சீவியிருந்தால் பழைய தடிமன் பொருந்தாது. ஹெட்டின் தளம் 0.05 மில்லிமீட்டருக்குள் நேராக இருந்ததா, போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்ததா என்பவையும் இங்கேதான் வரும். தேங்கிய துளையில் போல்ட் இறங்கினால் டார்க் ரெஞ்ச் "கிளிக்" என்று பொய் சொல்லும். மோசமானால் பிளாக்கே வெடிப்பு விடும்.

நீலப் புகை

புதிய ரிங் உட்கார நேரம் வேண்டும், ஆனால் அந்த நேரத்தை ஐடிலில் கழிக்கக் கூடாது. "புது எஞ்சின், மெல்ல ஓடட்டும்" என்று யூனிட் வாசலில் மணிக்கணக்காக ஐடிலில் விட்டால், ரிங்கை லைனர் மேல் அழுத்தும் வாயு அழுத்தம் போதாமல் லைனர் கண்ணாடி போல் வழுவழுப்பாகிவிடும். அதன்பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் ஆயில் குடிக்கும். தவிர, நின்றபடி எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றமும்கூட. சூடானதும், கசிவு இல்லை என்று பார்த்ததும், பாதிச் சுமை ஏற்றிச் சாலைக்குப் போங்கள். தீவு விரைவுச்சாலையில் லாரிக்கு உரிய 60 வேகத்தில், ஏற்றத்தில் மிதித்து, இறக்கத்தில் விட்டு ஓட்டினால் ரிங் உட்காரும். சுமை என்பது சரக்கு. சோதனை ஓட்டத்தில் பின்னால் ஊழியர்களை ஏற்றாதீர்கள்.

சுமையில் ஓட்டியும் நிற்கவில்லை என்றால் டர்போவிலிருந்து இன்டேக் வரும் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா? டர்போ சீலாக இருக்கலாம். அல்லது பழைய எஞ்சின் செத்தபோது கக்கிய ஆயில், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் அப்படியே இருக்கலாம். எஞ்சினை மட்டும் புதுப்பித்து, இன்டர்கூலரைக் கழுவாமல் மாட்டுவதால் வருவது இது. புகையோடு போனால் பரவாயில்லை. தேங்கிய ஆயில் மொத்தமாக உறிஞ்சப்பட்டால் எஞ்சின் தன் போக்கில் ஓடி வேகம் ஏறிக்கொண்டே போகும், சாவியை அணைத்தாலும் நிற்காது. முதல் ஸ்டார்ட்டின்போது ஒரு கனமான பலகையை இன்டேக் வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். காற்றை அடைத்தால்தான் அது நிற்கும். கையால் அடைக்க முயலாதீர்கள்.

டர்போவும் சுத்தம் என்றால் ரிங்கைத் தலைகீழாகப் போட்டிருக்க வாய்ப்பு. முகத்தில் எழுத்து உள்ள ரிங்கில் அந்த எழுத்து மேலே பார்க்க வேண்டும். ஆயில் நிரப்பும் மூடியைத் திறந்தால் புஸ் என்று புகை அடிக்கும். கம்ப்ரஷன் எண் மட்டும் ஓரளவு சரியாகவே இருந்து ஏமாற்றும். இதற்கு ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள புதிய லாரிகளில் நீலப் புகை வெளியே தெரியாமல் வடிகட்டியே விழுங்கிவிடும். ஆயில் அளவு குறைந்துகொண்டே வந்தால், புகை இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள்.

ஆயில் அளவு ஏறுகிறது

குறைவதைவிட இது மோசம். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் கூலண்ட். நிறம் மாறாமல் நீர்த்துப்போய், ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டால் வெளிவட்டம் அகலமாகப் பரவி டீசல் வாடை அடித்தால் டீசல். ஹெட்டுக்குள் போகும் ரிட்டர்ன் குழாய், பம்ப்பின் தண்டு சீல், திறந்தபடி நிற்கும் இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. டிபிஎஃப் வடிகட்டியைச் சுத்தம் செய்யும் எரிப்பு அடிக்கடி பாதியில் அறுபட்டாலும் ஏறும். டெலிவரிக்கு நின்று நின்று போகும் லாரிகளுக்கு இது சகஜம். எதுவானாலும் அந்த ஆயிலில் ஓட்டாதீர்கள். வடித்ததைச் சாக்கடையில் கொட்டாமல், உரிமம் உள்ள கழிவு எண்ணெய் சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

தட்டும் சத்தம்

காதுக்கு அறிவு வர வருஷமாகும். அதுவரை இந்தப் பிரிவினை உதவும். குளிரில் டக் டக் என்று கேட்டு சூடானதும் மறைவது பிஸ்டன் லைனரில் இடிப்பது, கொஞ்ச நாள் பார்க்கலாம். எஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில், மேலிருந்து வரும் லேசான சத்தம் வால்வு இடைவெளி. கனமாக, அடியிலிருந்து, மிதிக்கும்போது கூடுவது பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடின் கீழ்ப் பேரிங்.

ஸ்கேனரில் ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்தி, எதில் சத்தம் குறைகிறது என்று பார்ப்பார்கள். சிலிண்டரைக் காட்டுமே தவிர காரணத்தைக் காட்டாது. இன்ஜெக்டர் தட்டினாலும் குறையும், பிக் எண்ட் தட்டினாலும் சுமை போனதால் குறையும். தீர்மானிப்பது ஆயில் ஃபில்டர். வெட்டி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத பளபளக்கும் செதில்கள் இருந்தால் பேரிங். சம்ப்பை இறக்குங்கள். ஒன்றும் இல்லை என்றால் இன்ஜெக்டரைச் சோதனை மேடைக்கு அனுப்புங்கள்.

சூடு ஏறுகிறது

தண்ணீர் நிரப்பியபோது காற்று சிக்கியிருக்கும், அநேகமாக அதுதான். ஹீட்டர் வால்வு இருந்தால் திறந்து, முன்பக்கத்தை உயர்த்தி, மெல்ல நிரப்புங்கள். தெர்மோஸ்டாட்டின் சின்ன ஆடும் ஊசி மேல்பக்கம் இருக்க வேண்டும். நெரிசலில் மட்டும் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் கிளட்ச். ஓடும்போதும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு.

"இந்த ஊர் சூட்டுக்கு தெர்மோஸ்டாட்டே வேண்டாம்" என்று கழற்றி எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். எஞ்சின் தன் சூட்டுக்கு வராமல் ரிங் உட்காராது, சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றும். "பனி பெய்யாத ஊரில் கூலண்ட் எதற்கு" என்பதும் அதே ரகம். துரு பிடிக்காமல் காப்பதும், தண்ணீர் படும் லைனரில் ஊசித் துளை விழாமல் தடுப்பதும் அதில் உள்ள மருந்துதான்.

இழுவை இல்லை, கறுப்புப் புகை

டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஓவர்ஹாலுக்குப் பிறகு என்றால் காற்றுப் பக்கமே முதல் சந்தேகம். இன்டர்கூலர் குழாயின் கிளிப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பிறகு புகையில் கொஞ்சத்தை இன்டேக்குக்குத் திருப்பும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நிற்பது, அழுக்கேறிய காற்றளவு சென்சார். இவற்றைப் பார்க்காமல் ஆய்வு நிலையத்துக்குப் போனால் புகைச் சோதனையில் திரும்பி வருவது உறுதி. பழைய சரக்கு வாகனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போயாக வேண்டும் என்பதால் தள்ளிப்போடவும் முடியாது.

பழைய பிளாக்கை விட்டு ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப் கட் (பாதியாக வெட்டிய பழைய வாகனம்) பிளாக்கில் பூட்டியிருந்தால் எஞ்சின் எண்ணும் மாறியிருக்கும். ஆய்வுக்குப் போகும் முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் அதை முறைப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஓடும் எஞ்சினோடு போய் எண் ஒத்துப்போகாமல் திரும்புவது, ஓடாத எஞ்சினைவிட எரிச்சல் தரும்.